கஸ்டம் பைக் பண்ணணும்னு வர்றவங்க கேக்கற கேள்விங்க

நம்ம ஒர்க்‌ஷாப் கோயம்புத்தூர் கணபதி பக்கம் ஒரு சந்துக்குள்ள இருக்குதுங்க, மொத்தமே நாலு பேரு தான், வருஷத்துக்கு அஞ்சாறு வண்டிக்கு மேல கை வைக்க முடியாது. தினமும் போன்ல வர்ற கேள்வி பாதிக்கு மேல ஒரே மாதிரி இருக்கறதால, வேலைக்கு நடுவுல அவசரமா பதில் சொல்லி யாருக்கும் அரைகுறையா போயிறக்கூடாதுன்னு எல்லாத்தையும் இங்க எழுதி வெச்சிட்டேன். கொஞ்சம் நீளமா தான் இருக்கும், பொறுமையா படிங்க.

அண்ணா, கஸ்டம்னா என்ன பண்ணுவீங்க? லைட், ஹேண்டில் பார், ஸ்டிக்கர் மாத்தறதா?

அது ஆக்சசரீஸ் கடை வேலைங்க, அத நாங்க பண்றதில்ல. நாங்க பண்றது ஒரு ஆளுக்கு ஒரு வண்டி. ஓட்டற ஆளோட உயரம், கை நீளம், முதுகு வலி இருக்கா, எந்த ரோட்டுல ஓட்டுவாரு, பின்னாடி யாரு உக்காருவாங்க, இதெல்லாம் கேட்டு அதுக்கேத்த மாதிரி சீட்டு, டேங்க், ஹேண்டில், ஃபுட்ரெஸ்ட், சஸ்பென்ஷன், வயரிங்னு ஒவ்வொண்ணா பண்றோம். இன்னொருத்தர் வந்து அதே வண்டி எனக்கும் வேணும்னு போட்டோ காட்டுனா அதே மாதிரி பண்ண மாட்டோம், ஏன்னா அந்த வண்டில அவரு உக்காந்தா முட்டி போயி டேங்க்ல இடிக்கும்.

எங்கிருந்து ஆரம்பிப்பீங்க? டிசைன் வரைஞ்சு காட்டுவீங்களா?

வரையறது அப்புறமேட்டு தாங்க, மொதல்ல உக்கார வெச்சு பாப்போம். ஒரு பழைய ஃப்ரேம்ல சீட்டு, ஹேண்டில், ஃபுட்ரெஸ்ட் மூணையும் முன்ன பின்ன மேல கீழ நகர்த்தற மாதிரி போல்ட் போட்டு வெச்சிருக்கோம், அதுல நீங்க இருபது நிமிஷம் சும்மா உக்காரணும். அஞ்சு நிமிஷத்துல எல்லா பொசிஷனும் நல்லா தான் இருக்கும், பதினஞ்சாவது நிமிஷத்துல தான் மணிக்கட்டு பேச ஆரம்பிக்கும். கஃபே ரேசர், அதாவது குனிஞ்சு ஓட்டற ரேஸ் ஸ்டைல் வண்டி வேணும்னு தாழ்வா மாட்டற கிளிப் ஆன் ஹேண்டில் கேட்டு வர்றவங்கள்ல பாதிப் பேரு இதுல உக்காந்து எந்திரிச்சதும் அவங்களே ஹேண்டில ரெண்டு இஞ்ச் தூக்குங்கன்னு சொல்லிருவாங்க.

ஒரு தங்கச்சி வந்தாங்க, அஞ்சடி ஒண்ணு உயரம், வால்பாறைல வேலை, வாராவாரம் ஆழியாறுல இருந்து அந்த நாப்பது கொண்டை ஊசி ஏறி இறங்கணும், கால் எட்டலைங்கறது தான் பிரச்சன. அதுக்கு முன்னாடி வேற எடத்துல ஸ்பிரிங்க வெட்டி வண்டிய இறக்கி குடுத்திருக்காங்க, வளைவுல சாஞ்சா ஸ்டேண்டு தரைல உரசுது, குழில விழுந்தா முதுகெலும்பு வரைக்கும் அடி. நாங்க ஸ்பிரிங்க ஒழுங்கானதா திருப்பி போட்டுட்டு சீட்டோட முன்பக்கத்த மட்டும் ஒடுக்குனோம், ஃபோம் கொஞ்சம் செதுக்கி ஓரத்த உருட்டி விட்டோம். சீட்டு அகலமா இருந்தா தொடை விரிஞ்சு அதுலயே கால் நீளம் போயிருதுங்க, அத கொறச்சதும் ரெண்டு பாதத்தோட முன்பகுதியும் தரைல ஊனிருச்சு. அந்த வண்டிய பாத்தா யாருக்கும் கஸ்டம் வண்டின்னே தெரியாது. நான் பண்ணதுலயே எனக்கு ரொம்ப புடிச்ச வேலைங்கள்ல அது ஒண்ணு.

எவ்ளோ செலவாகும் ப்ரோ?

நேரா சொல்லிடறேன். சீட்டு, ஹேண்டில், ஃபுட்ரெஸ்ட், வயரிங் மட்டும்னா முப்பது நாப்பதாயிரத்துல முடிக்கலாம். எஞ்சின் பிரிச்சு, கையால டேங்க் அடிச்சு, வீல் கட்டி, பெயிண்ட் வரைக்கும் முழு பில்ட்னா வண்டி விலை போக ரெண்டு லட்சத்துக்கு கீழ எங்களால முடியல. பழைய வண்டிய பிரிக்கறதுக்கு முன்னாடி முழு தொகை சொல்றவங்கள நம்பாதீங்க, உள்ள கிராங்க் எப்படி இருக்குன்னு பாக்காம யாராலயும் சொல்ல முடியாது. நாங்க பிரிச்சு, கழுவி, அளந்து, போட்டோவோட லிஸ்ட் அனுப்புவோம், அப்புறம் தான் தொகை. பிரிச்சு பாத்துட்டு வேண்டாம்னாலும் தப்பில்ல, பிரிச்ச கூலி மட்டும் குடுத்தா திருப்பி மாட்டி குடுத்துருவோம்.

எத்தன நாள்ல குடுப்பீங்க?

முழு பில்ட்னா ஆறு மாசம், சில வண்டி எட்டு மாசம். பிளேட்டிங்குக்கு போன சாமான் திரும்பி வரணும், ஸ்பேர் சென்னை புதுப்பேட்டைலயோ ஜி.பி. ரோட்டுலயோ கிடைக்கலைன்னா காத்திருக்கணும். கல்யாணத்துக்கு வேணும், பொறந்த நாளுக்கு வேணும்னு தேதி வெச்சிட்டு வந்தா தயவுசெஞ்சு ஒரு வருஷம் முன்னாடி வாங்க.

எந்த வண்டிய வெச்சு பண்ணா நல்லது?

உங்க வீட்ல ஏற்கனவே ஒரு வண்டி நின்னுட்டு இருந்தா அது தாங்க நல்லது. புதுசா தேடறவங்களுக்கு என்னோட அபிப்பிராயம், பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350 கத்துக்கறதுக்கும் வெச்சுக்கறதுக்கும் அருமையான வண்டி. 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் அகலம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கற தூரம்), 346 சிசி, எஞ்சினுக்குள்ள என்ன நடக்குதுன்னு காதாலயே கேக்கலாம், ஸ்பேரும் எங்க போனாலும் கிடைக்கும். ஆனா ஒரு விஷயம், அந்த வண்டிங்கள்ல இங்கிலாந்து காலத்து சைக்கிள் த்ரெட், அதாவது அந்த அளவு மரை போட்ட போல்ட் நிறைய இருக்கு, அது தெரியாம மில்லிமீட்டர் போல்ட்ட அழுத்தி ஏத்தி ஓட்டைய நாசம் பண்ணி வெச்சிருப்பாங்க, நம்மகிட்ட வர்ற புல்லட்ல முக்கால்வாசி வண்டில இந்த வேலை இருக்கும். ஒவ்வொரு ஓட்டையா ஆர்கான் வெல்டிங் வெச்சு நிரப்பி திருப்பி மரை வெட்டறதுக்கே ரெண்டு மூணு நாள் போயிரும்.

யமஹா ஆர்எக்ஸ் 100 கேக்கறவங்க நிறைய. 1985ல இருந்து 1996 வரைக்கும் தான் வந்துச்சு, இன்னைக்கு நல்ல வண்டி கிடைச்சா அத வெட்டி வேற ஏதாவது பண்றதுக்கு எனக்கு மனசு வராதுங்க. ஒரிஜினலா ரெடி பண்ணி தர்றேன், சந்தோஷமா பண்ணுவேன், வெட்ட மட்டும் சொல்லாதீங்க.

பிஎஸ்6, அதாவது இப்பத்த புகை விதிப்படி வர்ற வண்டின்னா வேற கணக்கு. ஈசியூ (எஞ்சின பாத்துக்கற கம்ப்யூட்டர்), ஆக்சிஜன் சென்சார், ஏபிஎஸ் (பிரேக் புடிச்சா வீல் லாக் ஆகாம பாக்கறது)னு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிட்டு இருக்கும். வீல் சைஸ் மாத்துனா ஏபிஎஸ்ஸுக்கு போற ஸ்பீடு கணக்கே தப்பாயிரும். ஏபிஎஸ்ஸ கழட்டி விட சொல்லி யார் கேட்டாலும் பதில் முடியாது தான், எத்தன தடவ கேட்டாலும்.

போலீஸ் புடிப்பாங்களா? ஆர்.டி.ஓ பிரச்சன வருமா? இது லீகலா?

இத மறைச்சு பேசற ஒர்க்‌ஷாப்புக்கு போகாதீங்க. மோட்டார் வாகன சட்டம் 52ஆவது பிரிவு சொல்றது, கம்பெனி குடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.ல இருக்கறதுக்கும் மாறுபடற மாதிரி வண்டிய மாத்தக்கூடாதுன்னு. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதியா சொல்லிருச்சு. அதே வருஷம் சட்டத்த திருத்துனப்ப ஓனருக்கு தண்டனையும் வந்துச்சு, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ரெண்டும். ஒரு மாற்றத்துக்கு ஒரு அபராதம்ங்கறத கவனிச்சுக்கங்க.

அப்ப என்ன தான் பண்ணலாம்னா, கலர் மாத்தலாம், ஆனா ஆர்.சி.லயும் கலர் மாத்தி எழுதணும். அதே மாதிரி எஞ்சின் வேற போடணும்னா ஆர்.டி.ஓ கிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கிட்டு தான் போடணும், போட்டுட்டு போயி நிக்கக்கூடாது. சீட்டு, ஹேண்டில், கண்ணாடி மாதிரி கழட்டி மாட்டற சாமான்ல பெரிய பிரச்சன வந்து நாங்க பாத்ததில்ல, ஆனா ஒரிஜினல் சாமான் எல்லாத்தையும் மூட்டை கட்டி உங்ககிட்டயே குடுத்துருவோம், எப்ப வேணாலும் பழையபடி மாட்டிக்கலாம். சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இருக்கற எடத்துல கிரைண்டர் படவே படாது, அந்த எடத்துல டேப் ஒட்டிட்டு தான் வேலையே ஆரம்பிப்போம்.

மாற்றுத்திறனாளிங்களுக்காக மாத்தற வண்டிக்கு சட்டத்துலயே தனி வழி இருக்குது, ஆர்.டி.ஓ அனுமதியோட பண்ணலாம். அந்த வேலைன்னா வரிசைல நிக்க வேண்டாம், நேரா போன் பண்ணுங்க.

இன்சூரன்ஸ்லயும் என்ன மாத்துனோம்னு எழுதி குடுத்துருங்க. சொல்லாம விட்டா ஆக்சிடெண்ட் ஆன அன்னைக்கு க்ளெய்ம் இல்லைன்னு சொல்ல அது ஒரு காரணமாயிரும்.

ஃப்ரேம வெட்டி முன்னாடி நீட்டி சாப்பர் பண்ணி தருவீங்களா?

ரோட்டுல ஓட்டற வண்டிக்கு பண்ண மாட்டோம். சட்டம் ஒரு காரணம், ஆனா சட்டம் இல்லைன்னாலும் பண்ண மாட்டேன், அதுக்கு காரணம் நானே ஒரு தடவ பண்ணிருக்கேன்.

இருபத்தி மூணு வயசுல என்னோட சொந்த வண்டிய கழுத்துல வெட்டி ஃபோர்க்க நல்லா சாச்சு வெச்சு வெல்டு பண்ணேன். நேரா போகும்போது கப்பல் மாதிரி போச்சு, ஆனா மெதுவா திரும்புனா ஹேண்டில் தானா ஒரு பக்கம் விழுகும், யு டர்ன் எடுக்க ரெண்டு கையும் பத்தாது. காரணம் என்னன்னா, ஃபோர்க் சாய்வு கூடுனா ட்ரெயில் கூடும், அதாவது ஹேண்டில் திரும்பற தண்டோட மையக்கோட்ட நீட்டுனா அது தரைய தொடற எடத்துக்கும் டயர் தரைய தொடற எடத்துக்கும் நடுவுல இருக்கற தூரம். சாதாரணமா ரோட்டு வண்டிக்கு சாய்வு 24ல இருந்து 28 டிகிரி, ட்ரெயில் நூறு மில்லிமீட்டர் சுத்துப்பட்டுல இருக்கும். அது கொறஞ்சா வேகத்துல ஆடும், ரொம்ப கூடுனா ஊருக்குள்ள பாரமாயிரும். கம்பெனிக்காரங்க வருஷக்கணக்கா டெஸ்ட் பண்ணி வெச்ச நம்பர் அது, நான் கண்ணளவுல மாத்திட்டேன்.

நாலு மாசம் கழிச்சு பொள்ளாச்சி ரோட்டுல கிணத்துக்கடவு தாண்டி டீக்கடைல நிறுத்துனப்ப, அங்க உக்காந்திருந்த வயசான லேத்துக்காரர் ஒருத்தர் குனிஞ்சு பாத்துட்டு, தம்பி இந்த பெயிண்ட்ல ஒரு முடி மாதிரி கோடு தெரியுதே அது என்னன்னு கேட்டாரு. சுரண்டி பாத்தா விரிசல். வெல்டிங்ல விடல, வெல்டிங்குக்கு ஓரத்துல, சூடு பட்டு இரும்போட குணம் மாறுன எடத்துல விட்டிருந்துச்சு. இன்னொரு வாரம் ஓட்டியிருந்தா கழுத்தோட கழண்டிருக்கும்ங்க. வண்டிய டெம்போல ஏத்திட்டு வந்தேன், அந்த கழுத்துத் துண்ட அறுத்து இன்னைக்கும் ஒர்க்‌ஷாப் சுவத்துல மாட்டி வெச்சிருக்கேன், சாப்பர் கேட்டு வர்றவங்களுக்கு மொதல்ல அதத்தான் காட்டறது.

கண்காட்சில நிறுத்த மட்டும், இல்ல செட்டிபாளையம் கரி ட்ராக் மாதிரி எடத்துல ஓட்ட மட்டும்னா உக்காந்து பேசலாம். அதுவும் ஜிக்ல, அதாவது அளவு மாறாம ஃப்ரேம புடிச்சு வெக்கற சட்டத்துல கட்டி தான், கண்ணளவுல இல்ல.

பின்னாடி தடி டயர் போட்டா கிரிப் கூடும் தானே?

கூடாதுங்க. ஒவ்வொரு ரிம் அகலத்துக்கும் இவ்ளோ அகல டயர்னு ஒரு எல்லை இருக்கு. சின்ன ரிம்ல பெரிய டயர ஏத்துனா ரெண்டு ஓரமும் உள்ள இழுத்து நடு பகுதி முட்டை மாதிரி கூர்ந்துரும், தரைல படற பரப்பு கொறையும். ரிம்மும் பெருசு பண்ணா செயின் உரசும், அதுக்கு ஸ்ப்ராக்கெட்ட வெளிய தள்ளணும், அப்புறம் கியர் பாக்ஸ் பேரிங்குக்கு பாரம். ஒண்ண தொட்டா ஒன்பது எடத்துல இடிக்கும். ஒரு சைஸ் ஏத்தலாம், அதுக்கு மேல வேண்டாம்.

டேங்க் கையாலயே அடிப்பீங்களா? ஃபைபர்ல பண்ணா சீப்பா வருமே?

கையால தான் அடிக்கறோம், இந்த ஒர்க்‌ஷாப்ல எனக்கு ரொம்ப ஆசையான வேலையும் அது தான். மொதல்ல ஃப்ரேம் மேல தெர்மாகோல வெச்சு செதுக்குவோம், நீங்க வந்து உக்காந்து முட்டி எங்க வருதுன்னு மார்க் பண்ணி அங்க குழி எடுப்போம். ஷேப் முடிவானதும் அது மேல காகிதம் ஒட்டி வெட்டி எடுத்தா தகடுக்கு அளவு கிடைச்சிரும். 1.2 மில்லிமீட்டர் சிஆர் (கோல்ட் ரோல்டு) இரும்புத் தகடு, மணல் மூட்டை மேல வெச்சு மர சுத்தியால அடிச்சு குழிக்கணும், அப்புறம் இங்கிலீஷ் வீல்ங்கற உருளை மெஷின்ல உருட்டி மேடு பள்ளத்த எடுக்கணும். கைய வெச்சு கண்ண மூடி தடவி பாத்தா தான் மேடு தெரியும், கண்ணு ஏமாத்திரும். நம்ம பெரியவர் ஒருத்தர், முன்ன அண்டா குண்டா அடிச்சிட்டு இருந்தவரு, அவரு தடவிட்டு சாக்பீஸ்ல ஒரு வட்டம் போட்டா அங்க கண்டிப்பா மேடு இருக்கும். அவரோட கைக்கு இன்னைக்கு அண்டா வேலை யாரும் குடுக்கறதில்லைங்க, அந்த கை சும்மா இருக்கக்கூடாதுன்னு தான் நான் டேங்க ரெடிமேடா வாங்கறதில்ல.

வெல்டு முடிஞ்சா வாய மூடி சைக்கிள் பம்பால லேசா காத்தடிச்சு தண்ணி தொட்டில முக்கி பாப்போம். லேசான்னா ரொம்ப லேசா, ரெண்டு மூணு பிஎஸ்ஐ, அதுக்கு மேல போனா டேங்க் பலூன் மாதிரி உப்பிரும். மூடில காத்து ஓட்டை இருக்கணும், இல்லைன்னா அரை டேங்க் காலியானதும் பெட்ரோல் இறங்காம வண்டி நின்னுரும்.

ஃபைபர் வேண்டாம்னு சொல்றதுக்கு காரணம், இப்ப பங்க்ல வர்றது இ20, அதாவது நூத்துக்கு இருபது பங்கு எத்தனால். சாதாரண ஃபைபர்ல இருக்கற ரெசின எத்தனால் மெதுவா கரைச்சு இளக்கிரும், அந்த பிசின் போயி கார்புரேட்டர்ல வால்வுலன்னு ஒட்டிக்கும். பழைய வண்டின்னா பெட்ரோல் ஹோஸ், வாஷர் எல்லாத்தையும் எத்தனால் தாங்கறதா மாத்திருவோம்.

ஒரு முக்கியமான விஷயம், பெட்ரோல் இருந்த டேங்க வீட்ல வெச்சு வெல்டு பண்ணாதீங்க, பக்கத்து கடைலயும் அவசரமா பண்ண சொல்லாதீங்க. காலி டேங்க் தான் ஆபத்து, உள்ள நிக்கற ஆவி வெடிச்சிரும். நாங்க நல்லா கழுவி, வெல்டு வெக்கற எடத்த மட்டும் விட்டுட்டு மீதி முழுக்க தண்ணி நிரப்பிட்டு தான் தொடுவோம்.

சைலன்சர் ஓப்பனா வெச்சு தருவீங்களா, சத்தம் தூக்கலா வேணும்?

இல்லைங்க. சைலன்சர் இல்லாம ஓட்டறது சட்டப்படி தப்பு, அதவிட நம்ம தெருவுல குழந்தை இருக்கு, வயசானவங்க இருக்காங்க. எஞ்சினுக்கும் நல்லதில்ல, உள்ள இருக்கற தடுப்ப எடுத்துட்டு கார்புரேட்டர் ஜெட்ட (பெட்ரோல் அளவா போற சின்ன துளை) மாத்தாம விட்டா பெட்ரோல் கம்மியா காத்து ஜாஸ்தியா போயி சூடு ஏறும், பிளக்க கழட்டி பாத்தா பிஸ்கட் கலர்ல இருக்கறதுக்கு பதிலா வெள்ளையா வெளுத்திருக்கும். புல்லட்டோட அந்த தட தட சத்தம் நீள ஸ்ட்ரோக்ல இருந்து வருது, உள்ள தடுப்பு இருக்கற நல்ல சைலன்சர்ல தான் அது ஒழுங்கா கேக்கும், ஓப்பன் பைப்ல வெறும் பட்டாசு தான்.

புல்லட்டோட 346 சிசிய 400, 500ன்னு ஏத்தி பவர் கூட்டலாமா?

சிசி ஆர்.சி.ல எழுதியிருக்கு, அத மாத்தறது மேல சொன்ன 52ல நேரா விழும். அது போக காஸ்ட் அயர்ன் எஞ்சின் 18 எச்பிக்கு பண்ணது, கிராங்கும் பிக் எண்டும் (கனெக்டிங் ராட் கிராங்கோட சேர்ற பேரிங்) அதுக்கு தான் தாங்கும். பவர் வேணும்னு வந்தவருக்கு நான் பண்ணி குடுக்கறது இது தான்: ரீபோர், புது பிஸ்டன், வால்வு சீட்டிங், டைமிங், கார்புரேட்டர், க்ளட்ச், கட்டாயமா பிரேக். முக்கால்வாசி பழைய வண்டி அதோட சொந்த 18 எச்பியவே குடுக்கறதில்லைங்க, அத முழுசா எடுத்து குடுத்ததும் வேற வண்டி மாதிரி இருக்குன்னு சொல்வாங்க.

வயரிங்க முழுசா மறைக்க முடியுமா?

முடியும். ஆனா ஒவ்வொரு லைனுக்கும் தனி ஃப்யூஸ், அது சீட்ட கழட்டுனா கைக்கு எட்டற எடத்துல. ஒயர முறுக்கி டேப் சுத்தறது நம்ம ஒர்க்‌ஷாப்ல கிடையாது, எல்லாம் கிரிம்ப் பண்ண கனெக்டர்.

பெயிண்ட் எப்ப? கலர் இப்பவே சொல்லணுமா?

பெயிண்ட் கடைசி. வெறும் இரும்போட வண்டிய கூட்டி, 300 கிலோமீட்டராவது ஓட்டி, எங்க உரசுது எங்க லீக்குன்னு பாத்து சரி பண்ணிட்டு, திருப்பி முழுசா பிரிச்சு தான் பெயிண்டுக்கு போகும். ரெண்டு தடவ கூட்டறது டபுள் வேலை தான், ஆனா பெயிண்ட் அடிச்ச ஃப்ரேம்ல அப்புறம் ஒரு பிராக்கெட் வெல்டு வெக்கணும்னா எவ்ளோ வயித்தெரிச்சல்னு அனுபவிச்சவங்களுக்கு தான் தெரியும். அந்த 300 கிலோமீட்டர்ல கொஞ்ச தூரம் நீங்களும் ஓட்டணும். பட்டி கனமா போட்டு பள்ளத்த மறைக்க மாட்டோம், அந்த பெரியவர் ஒத்துக்கமாட்டாரு.

வெளியூர்ல ரிப்பேர் ஆனா என்ன பண்றது? உங்ககிட்ட தான் வரணுமா?

இது ரொம்ப நல்ல கேள்விங்க, ரொம்ப கம்மியான ஆளுங்க தான் கேக்கறாங்க. ஒரே ஒரு வண்டின்னா அத ஒரே ஒரு ஆளு தான் சரி பண்ண முடியும்னு ஆயிறக்கூடாது. அதனால தேயற சாமான் எல்லாமே கடைல கிடைக்கறதா தான் போடுவோம், கேபிள், பிரேக் ஷூ, பேரிங், ஆயில் சீல், செயின். உதாரணத்துக்கு 6203ன்னு பேரிங் நம்பர சொன்னா ராமேஸ்வரத்துல இருக்கற பேரிங் கடைலயும் எடுத்து குடுப்பாரு, உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர், எங்க போனாலும் அதே அளவு தான். வண்டியோட ஒரு நோட்டு குடுப்போம், எந்த எடத்துல எந்த பேரிங், எந்த த்ரெட், ஜெட் நம்பர் என்ன, ஒயர் கலர் எதுக்கு எது, எல்லாம் கைல எழுதி படம் போட்டு. அத சீட்டுக்கு அடில பிளாஸ்டிக் கவர்ல வெச்சிருங்க, எந்த ஊரு மெக்கானிக்கும் பாத்து வேலை செய்யலாம். ஒருத்தர் மகாராஷ்டிரால நின்னுட்டு அந்த நோட்டுல இருந்த படத்த காட்டியே சரி பண்ணிட்டு வந்தாரு, மெக்கானிக்குக்கு தமிழும் தெரியாது இவருக்கு இந்தியும் தெரியாது.

வேலை கத்துக்க வரலாமா அண்ணா?

வாங்க. மெக்கானிக்கல் படிச்சிருக்கணும்னு இல்ல, காலைல ஒன்பதுக்கு வரணும், மொதல் மூணு மாசம் பிரிக்கறது, கழுவறது, அளக்கறது மட்டும் தான். இந்த ஊருக்கு அது ஒண்ணும் புதுசில்லைங்க, நம்ம ஜி.டி. நாயுடு சின்ன வயசுல ஒரு வெள்ளைக்கார அதிகாரியோட ரட்ஜ் மோட்டார் சைக்கிள பாத்து ஆசப்பட்டு, ஹோட்டல்ல சர்வரா வேலை செஞ்சு காசு சேத்து அத வாங்கி, ஓட்டறதுக்கு முன்னாடி பிரிச்சு மாட்டி தான் எஞ்சின கத்துக்கிட்டாரு. பசங்களுக்கு நான் குடுக்கற மொத வேலையும் அதே தான், ஒரு பழைய எஞ்சின பிரிச்சு வரிசையா துணில அடுக்கி திருப்பி மாட்டணும், மிச்சம் ஒரு வாஷர் கூட இருக்கக்கூடாது. பொண்ணுங்களும் வரலாம், இப்ப வயரிங் முழுக்க பாத்துக்கறது ஒரு பொண்ணு தான். மொத மாசத்துல இருந்தே சம்பளம் உண்டு, கம்மியா இருந்தாலும் உண்டு.

நேர்ல வரும்போது என்ன கொண்டு வரணும்?

ஆர்.சி. ஒரிஜினல், இன்சூரன்ஸ் காப்பி. வண்டி பதினஞ்சு வருஷம் தாண்டியிருந்தா ரினிவல் பண்ணிட்டு வாங்க, பேப்பர் இல்லாத வண்டிய உள்ள எடுக்கறதில்ல. தினமும் எந்த செருப்போ ஷூவோ போட்டு ஓட்டுவீங்களோ அதையே போட்டுட்டு வாங்க, கியர் லிவர் அளவுக்கு அது வேணும். பின்னாடி எப்பவும் உக்கார்றவங்க யாராவது இருந்தா அவங்களையும் கூட்டிட்டு வந்துருங்க, அம்மாவோ வீட்டம்மாவோ, அவங்களுக்கும் அளவு எடுக்கணும். ஓடற வண்டின்னா லோடு ஆட்டோல ஏத்தாம ஓட்டிட்டே வாங்க, பிரிக்கறதுக்கு முன்னாடி சத்தி ரோட்டுல நான் ஒரு ரவுண்டு ஓட்டி பாக்கணும். ஞாயித்துக்கிழமை லீவு, மத்த நாள் மதியம் மூணு மணிக்கு மேல வந்தா நின்னு பேச நேரம் இருக்கும்.